பள்ளிவாசல் கடையில் விற்கும் புகை

ரமளான் மாதத்து மாலை. மயிலாப்பூர்ப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் மஃக்ரிப் பாங்கு ஒலிக்கிறது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. ஜமாஅத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த ஐந்தாவது நிமிடம், முன் வரிசையில் நின்ற சகோதரர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு விரைகிறார். வாசலையொட்டிய கடையில் தொங்கும் லைட்டரைச் சொடுக்கி ஒற்றைச் சிகரெட்டைப் பற்றவைக்கிறார். ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் அதைத் தொடாமல் இருந்தவர் அவர். அல்லாஹ்வுக்காக அத்தனை நேரம் விட முடிந்த ஒன்றை அதற்கு மேல் ஐந்து நிமிடம் விட முடியவில்லை.

அவருடைய மன உறுதியைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. நிகோடின் என்பது என்ன செய்யும் என்பதை அறிந்த எவரும் அப்படிக் குறைகூற மாட்டார். நம் கண்ணை உறுத்தியது அந்தக் கடை. அது பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. அதன் வாடகை மாதந்தோறும் பள்ளிவாசல் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. மின்கட்டணமும் முஅத்தினின் ஊதியமும் அதிலிருந்துதான் போகின்றன. எந்தப் பள்ளிவாசல் என்பதைச் சொல்லப் போவதில்லை. சென்னையின் பல மஹல்லாக்களில் இதே நிலைதான் என்பதை வாசிப்பவர்களே அறிவார்கள்.

புகைபிடித்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே ஒரு கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்: அது ஹராமா, மக்ரூஹா? இது நானூறு ஆண்டுப் பழைய விவாதம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புகையிலை புறப்பட்டு 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் முஸ்லிம் நாடுகளை எட்டியது. நான்கு இமாம்களின் காலத்தில் அப்பொருளே இங்கில்லை. ஆகவே பிற்கால ஆலிம்கள் தம் அறிவுக்கு எட்டியபடி ஆகுமானது என்றும், வெறுக்கத்தக்கது என்றும், தடுக்கப்பட்டது என்றும் பலவாறு எழுதினார்கள். மன்னர்களும் சும்மா இருக்கவில்லை. ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டார், உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் இன்னும் கடுமையாகத் தடுத்தார். இரண்டு தடைகளும் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவச் சான்றுகள் குவிந்த பிறகு உலமாக்களின் தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995இல் ஹராம் என்றது. இந்தோனேசியாவின் முஹம்மதியா இயக்கம் 2010இல் அவ்வாறே அறிவித்தது. தன் கைகளாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்ற அல்பகரா அத்தியாயத்தின் கட்டளையும், தனக்கோ பிறருக்கோ தீங்கு இழைக்கலாகாது என்ற நபிமொழியின் கருத்துமே இத்தீர்ப்புகளுக்கு அடிப்படை.

ஃபத்வா வழங்கும் தகுதி நமக்கில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் இந்த விவாதத்தை நம்மைவிடக் கவனமாக உற்றுநோக்கி வந்த ஒரு கூட்டம் உண்டு. அது சிகரெட் நிறுவனங்களின் கூட்டம்.

1990களின் இறுதியில் அமெரிக்க மாநிலங்கள் சிகரெட் நிறுவனங்களின் மீது தொடுத்த வழக்குகளின் விளைவாக, அந்நிறுவனங்களின் உள்கடிதங்கள் பல லட்சக்கணக்கான பக்கங்கள் பொதுப்பார்வைக்கு வந்தன. அவற்றுள் இஸ்லாம் குறித்தவற்றைத் தேடி எடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியாயிற்று. 1970களிலிருந்தே முஸ்லிம் நாடுகளின் சந்தையில் மார்க்கத் தீர்ப்புகளை ஒரு வணிக ஆபத்தாக இந்நிறுவனங்கள் கணித்துவந்தன என்பதை அது காட்டுகிறது. அவர்கள் கைக்கொண்ட வழிகள் இரண்டு. ஒன்று, புகையிலைக்கு எதிராகப் பேசும் ஆலிமைத் தீவிரவாதி, அடிப்படைவாதி என்று சித்தரிப்பது. அவருடன் சேர்ந்து நிற்கும் உலக சுகாதார நிறுவனத்தையும் அதே வண்ணத்தில் தீட்டுவது. மற்றொன்று, குர்ஆனில் புகையிலைக்குத் தடையில்லை என்று வாதிடத்தக்க அறிஞர்களையும் ஆலோசகர்களையும் தேடிப் பிடிப்பது.

இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட கசப்பைச் சொல்லித் தீராது. மார்க்கத்தைப் பேசும் முஸ்லிமுக்குத் தீவிரவாதி என்ற பட்டம் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது என்று நாம் ஆயிரம் முறை யோசித்திருப்போம். சிகரெட் விற்பனைக் கணக்கிலிருந்தும் வந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் திண்ணைகளில் ஹராமா, மக்ரூஹா என்று நாம் உரக்க வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்த வாதம் முடிவுக்கு வராதிருப்பதே தமக்கு இலாபம் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் எவரோ கணக்கிட்டிருக்கிறார்.

வளரும் நாடுகளில் இத்தொழில் கையாளும் முதல் ஆயுதம் ஐயத்தை விதைப்பது. அதன் முழு உருவத்தை நம் சென்னையின் கதையிலேயே காணலாம்.

1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் சென்றார்கள். இறந்தவர் என்ன நோயால் இறந்தார், புகைபிடித்தாரா, சிகரெட்டா பீடியா என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிந்தார்கள். இப்படி 43,000 ஆண்களின் மரணம் பதிவாயிற்று: நகரத்தில் 27,000, கிராமங்களில் 16,000. ஒப்பிட்டுப் பார்க்க உயிருடன் உள்ள 35,000 ஆண்களின் விவரமும் திரட்டப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வெண்டான் கஜலட்சுமியும், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2003 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளிவந்தது. மேலை நாடுகளில் புகை என்றால் நுரையீரல் புற்றும் மாரடைப்பும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கோ முதலில் வந்து நின்றது காசநோய். புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் மாளும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையே காரணம் என்று அந்த ஆய்வு கணித்தது. காசநோய் ஏழையின் நோய் என்பார்கள். இருமும் கணவனுக்கு மாத்திரை வாங்கக் கடன்பட்ட வீடுகள் நம் மஹல்லாக்களிலும் உண்டு.

இப்படி நம் தெருக்களின் மரணங்களை எண்ணி எழுதப்பட்ட ஆய்வு உலகறிய வெளியாகிப் பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 2014 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை பொட்டலத்தின் முன்புறத்தில் 40 சதவீதம் மட்டும் இருந்த எச்சரிக்கைப் படம், 2015 ஏப்ரல் முதல் இருபுறமும் 85 சதவீதமாகப் பெரிதாக வேண்டும் என்பது அதன் சாரம். காலக்கெடு நெருங்கியபோது, இதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, முடிவைத் தள்ளிவைக்கும்படி அரசைக் கேட்டுக்கொண்டது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று காட்டும் ஆய்வுகளெல்லாம் வெளிநாட்டில் நடந்தவை, இந்தியாவில் அப்படி ஆய்வில்லை என்று அக்குழுவின் தலைவர் திலீப் காந்தி செய்தியாளர்களிடம் சொன்னார். குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர் பெரிய பீடி நிறுவனத்தின் உரிமையாளர். அரசும் தள்ளிவைத்தது.

ஓராண்டு தாமதத்துக்குப் பின், நீதிமன்றங்களின் தலையீட்டோடு, 2016 ஏப்ரல் முதல் நாளில் 85 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விதியை ரத்துச் செய்தது. மறுமாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஒரு படத்தைப் பெரிதாக்க இத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது. தாமதம் ஆகும் ஒவ்வொரு மாதமும் யாருக்கு வருமானம் என்பதை விளக்கவேண்டியதில்லை.

சரி, அந்தப் படத்தைத்தான் யார் பார்க்கிறார்கள்? தியாகராய நகரில் உஸ்மான் சாலையிலிருந்து ரங்கநாதன் தெரு வரை மாலை வேளையில் நடந்து பாருங்கள். (சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்த முஹம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை அது, புடவை வாங்கப் போகிறவர்களில் அதை நினைப்பவர் குறைவு.) ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் தேநீர் இடைவேளையில் வாங்குவது பொட்டலம் அல்ல, ஒற்றைச் சிகரெட். பொட்டலம் கடைக்காரரிடமே இருக்கிறது. அழுகிய கன்னத்தின் படம் அவருடைய மேசைக்கு உட்புறமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு முழுப் பொட்டலத்தின் விலை அந்த இளைஞனைத் தடுத்திருக்கும். ஒன்றின் விலை தடுப்பதில்லை. வரியை உயர்த்தினாலும், படத்தைப் பெரிதாக்கினாலும், ஒற்றை விற்பனை இருக்கும்வரை இரண்டும் பாதி பலனையே தரும். மகாராஷ்டிரம் 2020இல் இதைத் தடை செய்தது. நம் மாநில அரசிடம் முஸ்லிம் அமைப்புகள் அளிக்கும் மனுக்களில் இக்கோரிக்கையை நாம் இதுவரை கண்டதில்லை.

விளம்பரத்தின் கதை தனி. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன்னர் ஒளிவுமறைவே கிடையாது. 1996இல் இத்துணைக்கண்டத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. அதன் காலிறுதி ஒன்று நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் வளர்ந்த நம் தலைமுறைப் பையன்களுக்கு அந்தச் சிகரெட்டின் பெயரும் சச்சினின் பெயரும் ஒருசேர மனத்தில் பதிந்தன. சட்டம் வந்த பிறகு சிகரெட் மறைந்தது; அதே கிரிக்கெட் ஒளிபரப்பில் ஏலக்காயும் பான் மசாலாவும் தோன்றின. ஏலக்காய் விற்பதற்கு அத்தனை பெரிய நட்சத்திரங்கள் ஏன் தேவைப்படுகிறார்கள் என்று நம் வீட்டுப் பிள்ளையே கேட்கிறான்.

குட்காவை நம் மாநிலம் 2001இல் ஐந்தாண்டுக்குத் தடை செய்தது. மாநிலங்களுக்கு அந்தப் பழைய உணவுக் கலப்படச் சட்டத்தின்கீழ் அப்படியொரு அதிகாரம் இல்லையென்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மே மாதத்தில் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மீண்டும் தடை வந்தது, ஆண்டுதோறும் நீட்டிக்கப்படுகிறது. உடனே உற்பத்தியாளர்கள் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலைத் தூளை இன்னொன்றிலும் அடைத்து, அருகருகே தொங்கவிட்டார்கள். வாங்குபவர் வாயில் போடும்போது அது குட்கா. 2016இல் சென்னைக் குட்கா உற்பத்தியாளர் ஒருவரின் இடங்களில் வருமான வரித்துறை நடத்திய சோதனையும், அதன் தொடர்ச்சியாக 2018இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதும் எல்லோரும் அறிந்தவை. ஆண்டுக்கு ஆண்டு தடையைப் புதுப்பித்துக்கொண்டே போகும் அதிகாரம் ஆணையருக்கில்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூற, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒற்றை நூலில் தொங்கும் தடை இது. சட்டத்தை உறுதியாக எழுதாமல் ஆணையில் காலம் தள்ளுவதன் விளைவு.

இந்த நூலின் மறுமுனையைப் பார்க்க விரும்புவோர் அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போகலாம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. மருத்துவர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்து 2021இல் மறைந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 2002இல் நாட்டில் தொடங்கப்பட்ட புகையிலைப் பழக்க மீட்பு மையங்கள் பதின்மூன்றில் ஒன்று அங்கு அமைந்தது. வெளிநோயாளர் பகுதியில் கன்னத்தைத் துண்டால் மறைத்தபடி அமர்ந்திருக்கும் ஆண்களைக் காணலாம். வாயைத் திறக்க முடியாததால் மனைவிதான் பதில் சொல்கிறார். இராமநாதபுரம், திருநெல்வேலி, வேலூர் என ஊர்ப் பெயர்கள் காதில் விழுகின்றன. நம் சமுதாயத்தின் இளைஞர்கள் அங்கே குருதிக்கொடைக்குச் செல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். தெற்கிலிருந்து வரும் நோயாளிகளுக்குத் தங்குமிடம் தேடித் தருபவர்களும் உண்டு. நோயாளிக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கும் அதே கை, கடை வாடகையையும் வாங்குகிறதே என்பதுதான் நம் உறுத்தல்.

திருநெல்வேலியையும் வேலூரையும் சொன்னோம். இனி பேசப்போவது நம்மில் பலருக்குப் பிடிக்காது.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும், வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் பெண்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். கடையிலிருந்து எடை போட்டு வாங்கிய இலையை இரவே நனைத்து வைத்து, காலையில் தகட்டளவுக்கு வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை மோசமாக இருந்தால் நட்டம் அவர்களுக்கு. சரியில்லை என்று கடையில் கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி இல்லை. திருமணத்துக்குக் காத்திருக்கும் குமருகளும், கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண்களும், எவரும் இல்லாத கைம்பெண்களும் வீட்டை விட்டு வெளியே வராமல் செய்யத்தக்க தொழில் என்பதால் அது நம் பெண்களிடம் தங்கிவிட்டது. தூசியும் இருமலும் கழுத்து வலியும் கூடவே தங்கின.

பீடிக்கு வரி உயரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பெண்ணைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். அவளுடைய அடுப்பு அணைந்துவிடும் என்கிறார்கள். உலகெங்கும் இதுவே வழக்கம். ஆப்பிரிக்காவில் புகையிலை விவசாயியின் பெயரால் பேசிய பன்னாட்டுச் சங்கத்துக்கு சிகரெட் நிறுவனங்களே பணம் கொடுத்ததும் அந்த உள்கடிதங்களில் வெளியானதுதான். ஆனால் அவள் மீது அத்தனை இரக்கம் உள்ளவர்கள் 2017இல் எங்கே போனார்கள்? 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆயிரம் பீடிக்கும் வசூலான சிறு தீர்வையிலிருந்துதான் பீடித் தொழிலாளரின் மருந்தகமும் பிள்ளைகளின் கல்வி உதவியும் நடந்தன. ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. சிகரெட்டுக்கு விதித்த கூடுதல் இழப்பீட்டு வரியும் பீடிக்கு இல்லை. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், சிகரெட்டையும் குட்காவையும் 40 சதவீதத்துக்கு உயர்த்தும் முடிவை எடுத்த அதே கூட்டத்தில், பீடியை 28இலிருந்து 18க்கும், பீடி இலையை 18இலிருந்து 5க்கும் இறக்க முடிவெடுத்தது. இறங்கிய பத்து சதவீதம் ஆயிரம் பீடிக் கூலியில் சேரும் என்று எந்த உத்தரவும் நம் கண்ணில் படவில்லை.

சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பணக்காரன் பிடிக்கும் நஞ்சுக்கு நாற்பது, ஏழை பிடிக்கும் நஞ்சுக்குப் பதினெட்டு என்பதை ஏழையின்மீது கொண்ட கருணை என்று நம்ப நம்மால் முடியவில்லை. முன்சொன்ன சென்னை ஆய்வில் விழுப்புரத்துக் கிராமங்களில் இறந்தவர்கள் பிடித்தது பெரும்பாலும் பீடிதான்.

நாட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்ப்போம். புகையிலை நோய்களால் 2017-18இல் இந்தியாவுக்கு ஏற்பட்ட செலவும் இழப்பும் 1,77,341 கோடி ரூபாய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வு கணித்தது. கலால் வரியாக அரசுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சமூகம் 816 ரூபாய் இழக்கிறது. வருமானம் போய்விடும் என்று அரசு அஞ்சுவதில் பொருளில்லை. ஆயினும் அஞ்சுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம், நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனத்தில் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுங்கள். உயிர்க்காப்பீடு விற்பவர் சிகரெட்டிலும் பங்காளி. 2004இல் இந்தியா ஏற்புறுதி செய்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் விதி, பொதுச் சுகாதாரக் கொள்கை வகுப்பதில் புகையிலைத் தொழிலின் நலன் நுழையாமல் காக்க வேண்டும் என்கிறது. பங்காளியே காவலாளியாக இருக்கும் வீட்டில் அவ்விதி என்ன செய்யும்?

பீடி வணிகத்தில் செழித்த செல்வந்தர்களின் கொடை நம் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றிருக்கிறது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொடையாளர்களில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். நோயைப் பற்றி அறியாத காலத்தில் வணிகம் செய்தார்கள். அவர்களைத் தூற்றும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அந்த நன்றிக்கடன் நம் வாயைக் கட்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மதுவைப் பற்றி வெள்ளிக்கிழமை மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வட்டியைப் பற்றி? புகையிலையைப் பற்றி?

அதேபோல, அடையாறில் குளிர்சாதன அறையில் அமர்ந்துகொண்டு மேலப்பாளையத்துப் பெண்ணிடம் உன் தொழில் ஆகாதது என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. முதலில் அவளுக்கு வேறொரு வருமானம் வேண்டும். பீடிக்கு வரியை உயர்த்து, உயர்த்தியதில் ஒரு பங்கைப் பழைய தீர்வையைப்போல் சட்டப்படி அவளுக்கென்றே ஒதுக்கு என்று அரசிடம் கேட்பது ஒரு பக்கம். நம் பைத்துல்மால்களும் ஸகாத் நிதியும் பீடி சுற்றும் வீட்டின் மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதைத் தனித் தலைப்பாக எடுத்துக்கொள்வது மற்றொரு பக்கம். சென்னையில் வாழும் நெல்லைச் சகோதரர்கள் ஊர் ஜமாஅத் சங்கங்களை நடத்துகிறார்கள். ஆண்டு மலர் வெளியிடுகிறார்கள். ஒரு மலரின் செலவில் ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்புக் கட்டணம் அடங்கும்.

ஷீஷாவையும் விட்டுவிட முடியாது. அரபு உணவகம் என்ற பெயரும், அரபு எழுத்துப் பலகையும், பழ மணமும் சேர்ந்து அது ஏதோ நம் பண்பாட்டின் பகுதி என்ற மயக்கத்தை இளைஞர்களிடம் உண்டாக்கின. ஒரு மணி நேர ஷீஷாவில் உள்ளிழுக்கும் புகையின் அளவு நூறு சிகரெட்டுக்கும் மேல் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005லேயே எச்சரித்தது. ஹுக்கா கூடங்களைத் தடைசெய்யும் திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. நல்லது. அரபு எழுத்தைக் கண்டதும் மரியாதை தோன்றும் நம் பழக்கத்தைச் சட்டம் திருத்தாது. அது நம் வீட்டு வேலை.

மீண்டும் அந்தக் கடைக்கு வருவோம். கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது என்கிறது சட்டம். மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் கையில் ஜுஸ்உவுடன் அந்தக் கடையைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள். சட்டத்தின் பார்வையில் மக்தப் கல்வி நிலையமா என்பதை வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்று வந்தவரைப் பள்ளிவாசலை நெருங்க வேண்டாமென்று நபிகளார் (ஸல்) சொன்னதை அறிந்த நமக்கு, அளவு நாடா தேவையில்லை.

பள்ளிவாசலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமான எந்தக் கடையிலும் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்ற ஒரு வரியை, வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சேர்த்துவிடலாம். மது விற்க நாம் கடை கொடுப்போமா? அரசாணைக்கோ ஃபத்வாவுக்கோ காத்திருக்க வேண்டாத முடிவு இது. நிர்வாகக் குழு ஒரு மாலையில் கூடி எடுத்துவிடலாம்.

இதை நம் மஹல்லாவில் முன்வைத்தபோது எழுந்த மறுப்பு மார்க்கம் சார்ந்தது அல்ல, வாடகை சார்ந்தது. வேறு எவர் இந்த வாடகை தருவார் என்றார் பொருளாளர். நியாயமான கேள்வி, கணக்கைச் சுமப்பவர் அவர். ஆகவே சிலர் கடைக்காரரிடமே போய்ப் பேசினோம். இருபது ஆண்டுகளாக அங்கே இருப்பவர். எவருக்கும் தீங்கு நினைக்காதவர். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாய், சிகரெட்டு வாங்க வர்றவன்தான் டீயும் குடிக்கிறான். அதை எடுத்துட்டா டீ யாவாரமும் பாதியாப் போயிடும்" என்றார். கண்ணில் படும்படி அடுக்கி வைப்பதற்கு நிறுவனத்தின் ஆள் மாதம் ஒரு தொகை தருவதையும் மறைக்காமல் சொன்னார். கடைக்கு வெளியே 60க்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் பலகை வைக்கக்கூடாதென்று விதி இருக்கிறது; அந்த அடுக்கு முழுவதுமே ஒரு பலகைதான் என்பது அன்றுதான் நமக்குப் புரிந்தது.

குழுவில் இரண்டு முறை பேசி, புகையிலையை எடுத்துவிட்டால் முதல் ஓராண்டுக்கு வாடகையில் கால் பங்கைக் குறைப்பதென்றும், அந்தக் குறைவை மஹல்லாவின் எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதென்றும் முடிவாயிற்று. பொருளாளரும் அந்த எட்டில் ஒருவர். ஒப்பந்தம் ஷஅபானில் புதுப்பிக்கப்படுகிறது. கடைக்காரர் இன்னும் முழுமனத்துடன் இல்லை. சென்ற வாரம் அஸருக்குப் பின் நம்மை நிறுத்தி, "பீடா மட்டுமாவது வெச்சுக்கலாமா பாய்?" என்று கேட்டார். ஜர்தா இல்லாமல் என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.